வெள்ளானூர் ஏரித் திருவிழாவும் ஒரு மஞ்சள் காப்பும்

திருவல்லிக்கேணியிலிருந்து வெள்ளானூர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து ஆவடிக்குப் பதினான்கு மைல், அங்கிருந்து ஜட்காவில் நாலு மைல் என்று சொல்லலாம். எங்கள் வீட்டுக் கணக்கில் அது ஆறு வருஷத் தூரம். வெள்ளானூர் கோவிந்த நாயகர் தை பிறந்ததும் எங்கள் வீட்டுக்கு நெல் மூட்டை கொண்டுவந்து இறக்குவார். இறக்கிய கையோடு, "இந்த வருசமாவது எங்க ஏரித் திருவிழாவுக்கு வாங்கம்மா" என்பார். என் வீட்டுக்காரர் "ஆகட்டும்" என்பார். அவர் வாயில் வரும் ‘ஆகட்டும்’ என்பதற்கு ‘ஆகாது’ என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், நாயகருக்குத் தெரியாது. ஒவ்வொரு சித்திரையிலும் அவர் வீட்டில் எங்களுக்கும் சேர்த்து உலை வைத்திருக்கிறார்கள். இந்தத் தையில்தான் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கூடவே இன்னொன்றும் சொன்னார். இந்த வருஷம் திருவேற்காட்டு மேளம் ஏரித் தண்ணீருக்கு நடுவே தெப்பத்தில் உட்கார்ந்து வாசிக்கப் போகிறதாம். நாகஸ்வரம் என்றால் என் வீட்டுக்காரருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆறு வருஷத்து ‘ஆகட்டும்’ அந்த நிமிஷத்தில் நிஜமான ஆகட்டும் ஆகிவிட்டது.

சித்திரை மாதத்துக் கடைசி ஞாயிறு காலை எட்டு மணிக்கு அரக்கோணம் பாசஞ்சரில் ஏறினோம். மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஆளுக்கு மூன்றரை அணா, மகள் கமலாவுக்கு அரை டிக்கெட். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. கோடை விடுமுறை ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ரயிலிலும் நான் வகுப்பறைக் குரலில்தான் பேசுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் அதை ஆமோதித்துத் தலையாட்டினார்.

பெரம்பூரில் வண்டி நின்றதும் ஒரு தகரப் பெட்டி முதலில் உள்ளே வந்தது. பச்சைப் பெயிண்டின் வாசனை இன்னும் போகாத புதுப் பெட்டி. அதன் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏறினார். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, முகமெல்லாம் சிரிப்பு. பெட்டியைக் கமலாவின் காலடியில் வைத்துவிட்டு, இடித்துவிட்டதா என்று அவளிடம் விசாரித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கமலா கேட்டாள்.

"ஒண்ணியும் இல்ல பாப்பா. இனிமேதான் ரொப்பணும்" என்றார்.

அவர் பெயர் ஏழுமலை. வில்லிவாக்கம் வருவதற்குள் அவர் கதை முழுவதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் அவரே கொட்டினார். போன வாரம் வரை பெரம்பூரில் ஒரு பட்டறையில் பிட்டராக இருந்தார். தாய் தகப்பன் இல்லை. நாலைந்து ஆண்களோடு ஒரே அறையில் வாசம். அந்த அறைக்குப் பெண்டாட்டியையும் குழந்தையையும் எப்படி அழைத்து வருவது? பிள்ளை பிறந்ததிலிருந்து இரண்டு வருஷமாக அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். இப்போது ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு இருக்க ஆலையே வீடு கொடுக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் கப்பல். இன்று சாயந்திரம் திருவிழாவைப் பார்த்துவிட்டு, ராத்திரி வண்டியில் பெண்டாட்டி பிள்ளையோடு பட்டணம் திரும்ப வேண்டும். காலிப் பெட்டி அவள் துணிமணிகளுக்கு.

"ரெண்டு ரூமு, ஒரு சமயக்கட்டு, தனிக் கொழாய்" என்று அந்த வீட்டைப் பற்றிச் சொன்னார். அவர் அதைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வந்த ஆள் சொன்னதாம்.

பர்மாவில் நம்மவர்களை அடிக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்ததே என்று என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதெல்லாம் அடங்கிப் போய்விட்டது என்று ஏழுமலை கையை ஆட்டிவிட்டார். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று நான் கேட்டபோதுதான் வெள்ளானூர் என்று தெரிந்தது. யார் வீடு என்று கேட்டால், கோவிந்த நாயகர் வீடு. எங்கள் நாயகருக்கு அவர் மாப்பிள்ளை. அப்புறம் அம்பத்தூர், ஆவடி எல்லாம் எப்படி வந்தன என்றே தெரியவில்லை. உங்கள் மனைவிக்கு எல்லாம் தெரியுமா என்று கேட்டேன். "சொல்லி அனுப்பிச்சுட்டேம்மா. பெரம்பூருக்கு வைக்கோல் ஏத்திகினு வர்ற வண்டிக்காரரு கிட்ட, ரங்கூன்ல வேல கெடச்சிருக்கு, திருவிழாவுக்கு வந்து இட்டுகினு போறேன்னு சொல்லுன்னு சொன்னேன்" என்றார்.

ஆவடி ஸ்டேஷன் வாசலில் இரண்டு ஜட்காக்கள் நின்றன. எட்டணா கேட்டவரை ஆறணாவுக்கு இறக்கினோம். எல்லோரும் ஒரே வண்டியில் ஏறினோம். பெட்டிக்கு இடம் வேண்டுமே என்று என் வீட்டுக்காரர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு மைலும் வந்தார். வழியெல்லாம் அறுப்பு முடிந்த வயல்கள், பனைகள், வெயில். குதிரை தன் இஷ்டத்துக்கு நடந்தது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "வெள்ளிக்கிழம எந்நேரத்துக்கு வந்து இட்டுகினு போவட்டும்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இல்லை, இன்றைக்கு ஏழு மணிக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காசு பிடுங்குவதற்கு இது ஒரு வழி போலிருக்கிறது என்று நான் என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன்.

பத்தரை மணிக்கு நாயகர் வீட்டு வாசலில் இறங்கினோம். நாயகருக்கு எங்களைக் கண்டு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத எனக்கு வராது. பந்தல் போட்ட வாசலில் இரண்டு கைகளாலும் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், விட்டால் ஓடிவிடுவாரோ என்பது போல. அவர் மகள் அஞ்சலை உள்ளேயிருந்து வந்தாள். ஈரத் தலையை நுனியில் முடிந்திருந்தாள், முகத்தில் மஞ்சள், இடுப்பில் பிள்ளை. புருஷனைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் வலது மணிக்கட்டில், மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்றை வைத்து மஞ்சள் நூலால் கட்டியிருந்தது. அழகாக இருந்தது. கமலா தனக்கும் அது வேண்டும் என்றாள். காப்பு வேண்டாம், வளையல் வாங்கித் தருகிறேன் என்று அஞ்சலை அவளைச் சமாதானப்படுத்தினாள்.

கேழ்வரகுக் கூழும் மோரும் மாங்காயும் சாப்பிட்டுவிட்டு ஏரிக்குப் போனோம். வெள்ளானூர் ஏரியை ஐப்பசியில் பார்த்தவர்கள் அது கடல் மாதிரி இருக்கும் என்கிறார்கள். நான் பார்த்தபோது தண்ணீர் நடுவுக்கு ஒதுங்கி, சுற்றிலும் காய்ந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த மண்ணில்தான் திருவிழா. கரைமேல் கங்கையம்மன் கோயில். கீழே ஏரிக்குள் கடைகள். பொரி, கடலை, வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு. எலுமிச்சம்பழ சர்பத் அரையணா. மரக்குதிரை ராட்டினம் காலணாவுக்குப் பத்துச் சுற்று. சுற்றுகிறவர் களைத்துப் போனால் எட்டோடு நிறுத்திவிடுகிறார். கமலா கணக்குக் கேட்டுச் சண்டை போட்டு இரண்டு சுற்று வாங்கினாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பூசாரி கோயில் வாசலில் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். அதற்காகவே காத்திருந்த ஊர் முழுவதும் ஏரிக்குள் இறங்கிற்று. அன்று ஒரு நாள் மீன் எல்லோருக்கும் பொது. புருஷன் ஒரு முனை, பெண்டாட்டி ஒரு முனை என்று பழைய புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடக்கிறார்கள். பிள்ளைகள் எதிர்ப்பக்கத்திலிருந்து காலால் தண்ணீரை அடித்து மீனைத் துரத்திவிடுகிறார்கள். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டாவது அடியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ஊரே சிரித்தது, நான் எல்லோரையும்விடச் சத்தமாக. அஞ்சலையும் ஏழுமலையும் ஒரு புடவையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போனார்கள். மீன் பிடிபட்டதா என்று நான் பார்க்கவில்லை. அவர்களும் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு வருஷத்துப் பேச்சு இருந்தது அவர்களுக்கு. அந்த நாளை அப்படியே அங்கே நிறுத்தி வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று மணி இருக்கும். கரையில் வேப்பமர நிழலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நாயகர் மாப்பிள்ளைக்கு நுங்கு சீவிக் கொடுத்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை காப்பு அவிழ்த்ததும் விருந்து, அதற்கு இன்ன கிடா என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏழுமலை சிரித்தார்.

"வெள்ளிக்கிழம நான் நடுக்கடல்ல இருப்பேன் மாமா. நாளன்னைக்குக் காலைல கப்பலு. இன்னிக்கு ராத்திரி வண்டிக்கே கெளம்பணும்."

நாயகரின் கையிலிருந்த அரிவாள் நுங்கின் மேல் அப்படியே நின்றது. அஞ்சலை பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையும் நின்றது. நல்ல வேளையாக எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு நிமிஷம் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாயகர் மெல்ல மெல்லச் சொன்னதிலிருந்து விஷயம் தெரிந்தது. ஏரித் திருவிழாவில் விளக்கு விடுவதாக வேண்டிக்கொண்ட பெண்கள், அன்று காலையில் பூசாரி கையால் காப்புக் கட்டிக்கொள்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர் ஊற்றி அவிழ்க்கிற வரையில் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கக் கூடாது. அஞ்சலையின் வேண்டுதல் என்ன தெரியுமா? புருஷன் வந்து தன்னைத் தனிக் குடித்தனத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதுதான். வைக்கோல் வண்டிக்காரர் செய்தி சொன்னார். வேண்டுதல் பலித்துவிட்டது. பலித்த வேண்டுதலைச் செலுத்தாமல் கடல் கடந்து போகலாமா? அதனால் காலையில் குளித்துவிட்டு முதல் ஆளாகப் போய் நின்று கட்டிக்கொண்டிருக்கிறாள்.

‘திருவிழாவுக்கு வருகிறேன்’ என்று ஏழுமலை சொல்லி அனுப்பியிருந்தார். பட்டணத்தில் பிறந்து வளர்ந்த அவருக்குத் திருவிழா என்றால் ஒரு சாயந்திரம்: மேளம், விளக்கு, முடிந்தது. வெள்ளானூரில் அந்தச் சொல்லுக்கு ஞாயிறு முதல் வெள்ளி வரை என்று அர்த்தம். திருவிழாவுக்கு வருகிற மாப்பிள்ளை காப்பு அவிழ்க்கிற வரைக்கும் இருப்பார். வேறு மாதிரியும் ஒரு திருவிழா உண்டு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கப்பல் எந்தக் கிழமை என்று இவரும் சொல்லி அனுப்பவில்லை. அவர்களும் கேட்டு அனுப்பவில்லை. ஜட்காக்காரர்கூட எங்களிடம் வெள்ளிக்கிழமை என்றுதானே கேட்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் என்னென்னவோ யோசனை நடந்தது. அடுத்த கப்பலில் போகலாமா? வேலையில் சேர வேண்டிய நாள் குறித்தாகிவிட்டது. அந்த நாள் தவறினால் பின்னால் நிற்கிற இன்னொருவருக்கு அந்த இடம் போய்விடும். அஞ்சலையை அப்புறம் அனுப்பி வைக்கலாமா? யாரோடு அனுப்புவது? கூலியாட்கள் நெருக்கியடித்துப் படுத்துக் கிடக்கும் மேல்தட்டில், கைக்குழந்தையோடு தனியாக ஒரு பெண்ணை எந்தத் தகப்பன் ஏற்றிவிடுவான்? நாயகர் பூந்தமல்லிச் சந்தைக்கு அப்பால் போகிறதென்றால் எங்கள் வீட்டுக்குத்தான். அவரால் ரங்கூன் வரை கூடப் போக முடியாது. ஏழுமலைக்கு லீவு மூன்று வருஷம் கழித்துத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறையாக, இது நம் விஷயம் இல்லை என்றார். நான் கேட்கவில்லை. நேரே கோயிலுக்குப் போய்ப் பூசாரியைப் பிடித்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் சண்டைக்கு இடமே கொடுக்கவில்லை. தாராளமாக அவிழ்க்கலாம், அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள், ஆனால் கட்டிக்கொண்டவள் தானாக வந்து கையை நீட்ட வேண்டும் என்றார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்கு ஒரே உற்சாகம்.

அஞ்சலை ஏரி விளிம்பில் தனியாக உட்கார்ந்து, வாழைத் தண்டுகளை மூங்கில் குச்சியால் கோத்து விளக்குத் தெப்பம் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூசாரி சொன்னதைச் சொன்னேன். இது வெறும் நூல், நீ போய்க் கையை நீட்டினால் போதும் என்றேன். அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"பூசாரி நல்லவரும்மா, அவுத்துடுவாரு. அப்பறம் கப்பல்ல போறப்ப புள்ளைக்கோ அவருக்கோ எதுனா ஒண்ணுன்னா, இந்தக் கையாலதான் வந்துச்சுன்னு நெனச்சுகினே நான் எப்டிம்மா அந்த ஊட்ல குடித்தனம் பண்றது?"

என்னிடம் பதில் நிறைய இருந்தது. பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பதில்கள். ஒன்றையும் எடுத்து அவள் முன்னால் வைக்க எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய பயம் நிஜமான பயம். அந்தப் பயத்தோடு அவளைக் கப்பலேற்றி, என்னுடைய நியாயத்தைத் துணைக்கு அனுப்ப முடியுமா? அப்படியானால் அவரை இருக்கச் சொல், வேறு வேலை கிடைக்காமலா போகும் என்றேன்.

"சொன்னா இருந்துடுவாரும்மா" என்றாள். மறுபடியும் குச்சியைக் கையில் எடுத்தாள். "அதனாலதான் சொல்ல மாட்டேன். இந்த வேலைக்கு எவ்ளோ அலைஞ்சாருன்னு எனக்குத் தெரியும். இருந்துட்டு, அப்பறம் பட்டறைலயும் சேத்துக்கலன்னா, என் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் அவருக்கு அதான் நெனப்பு வரும். நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். வேண்டா வெறுப்பாகத்தான் கொடுத்தேன். இரண்டு பேரையும் ஓர் அறையில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும் போல எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஆறு மணிக்கு மேளத் தெப்பம் புறப்பட்டது. பனங்கட்டைகளையும் காலிப் பீப்பாய்களையும் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, நாலு மூலையிலும் வாழை மரமும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் வைத்திருந்தார்கள். தவில்காரருக்கு நீச்சல் தெரியாதாம். தம்மைத் தெப்பத்தோடு கயிறு போட்டுக் கட்டினால்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டார், கட்டினார்கள். தெப்பம் கவிழ்ந்தால் அவர் கதி என்ன என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. நாகஸ்வரக்காரர் ஆனந்த பைரவியை எடுத்தார். சபாக்களில் கேட்கிற நாகஸ்வரம் வேறு, தண்ணீர் மேல் வருகிற நாகஸ்வரம் வேறு. தண்ணீர் அதன் முரட்டுத்தனத்தை எல்லாம் எடுத்துவிட்டு நமக்குக் கொடுக்கிறது. என் வீட்டுக்காரர் சேறு காய்ந்த வேட்டியோடு கண்ணை மூடி நின்றார். அவருக்காகத்தான் வந்தோம், அவருக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் ஒரு ஸ்வரமும் காதில் ஏறவில்லை.

இருட்டத் தொடங்கியதும் காப்புக் கட்டிய பெண்கள் விளக்குகளோடு இறங்கினார்கள். மாவிளக்கை ஏற்றி வாழைத் தண்டுத் தெப்பத்தில் வைக்கிறவள் மனைவி. தண்ணீரில் தள்ளிவிடுகிறவன் கணவன். கணவன் ஊரில் இல்லாதவர்களுக்கு அண்ணனோ தம்பியோ தள்ளுகிறார்கள். போன வருஷம் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு அஞ்சலை விட்ட விளக்கை அவள் தகப்பனாரே தள்ளினாராம். இந்த வருஷம் ஏழுமலை முழங்கால் தண்ணீரில் அவள் பக்கத்தில் நின்றார். பிள்ளை அவர் தோளில் தூங்கிவிட்டிருந்தான். அவள் விளக்கை ஏற்றி வைத்தாள். மற்றவர்களின் விளக்குகள் எல்லாம் நகர்ந்து மேளத் தெப்பத்தைச் சுற்றிக்கொண்டன. இவர் ஒரு கையால் தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். அவள் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் எண்ணெய் தளும்பிச் சுடர் ஆடியபோதுதான் கையை எடுத்தார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. கண்ணில் புகை பட்டுவிட்டது என்று கமலாவிடம் சொன்னேன்.

ஏழு மணிக்குச் சொன்னபடி ஜட்கா வந்துவிட்டது. வண்டிக்காரர் அதை ஊர் எல்லைக் கல்லைத் தாண்டி நிறுத்தியிருந்தார். அந்தக் கல் வரையில் எல்லோரும் வந்தார்கள். அஞ்சலை கல்லுக்கு ஊர்ப் பக்கமாகவே நின்றுகொண்டாள். பச்சைப் பெட்டி நாயகர் வீட்டிலேயே இருந்தது. தூங்குகிற பிள்ளையின் கன்னத்தை ஏழுமலை ஒரு முறை தொட்டார். பெண்டாட்டியிடம், "வரேன்" என்றார், அவ்வளவுதான். நாங்கள் நாயகரிடம் விடைபெற்றுக்கொண்டு திரும்பும்போது ஏழுமலை முன்னாலேயே ஓடி வண்டியில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுரீர் என்றது. மூன்று வருஷத்துக்குப் போகிற மனுஷர் இரண்டு நிமிஷம் நின்று பேசக் கூடாதா? அஞ்சலை என் கையைப் பிடித்து, அடுத்த வருஷமும் வர வேண்டும் என்றாள். நான் ‘ஆகட்டும்’ என்றேன். எந்த ஆகட்டும் என்று எனக்கே தெரியவில்லை.

இந்தத் தடவை ஜட்காக்காரர் குதிரையை அதன் இஷ்டத்துக்கு விடவில்லை. ஆவடியில் எட்டே கால் வண்டி கூட்டமாக வந்தது. கமலா ஏறியதும் தூங்கிவிட்டாள்; என் வீட்டுக்காரர் அவளை மடியில் போட்டுக்கொண்டு தாமும் தூங்கினார். ஏழுமலை எதிர்ப் பலகையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அம்பத்தூரில் வண்டி நின்றபோது என் மனசு அடித்துக்கொண்டது. இங்கே இறங்கினால் எதிர் வண்டி பிடித்துத் திரும்பிவிடலாம். வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு குடும்பம் ஒரு வார்த்தைக்காகப் பிரிகிறதே, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? இத்தனை நேரம் பேசாத பேச்சுக்கெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அஞ்சலைக்கு உங்களை இருக்கச் சொல்ல ஆசைதான், சொன்னால் நீங்கள் இருந்துவிடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை, இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இறங்குங்கள் என்றேன்.

அவர் இறங்கவில்லை. ஜன்னலிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார்.

"தெரியும்மா" என்றார். "இருன்னு ஒரு வார்த்த அவ வாயில வந்துச்சுன்னா, அதத் தாண்டி என்னால வர முடியாது. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள வண்டி ஏறிடணும்னுதான் ஓடியாந்து குந்திகினேன்."

வண்டி நகர்ந்துவிட்டது. அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, அவருக்கும் தெரிந்திருக்கிறது. நடுவில் புகுந்து அரற்றிய எனக்குத்தான் ஒன்றும் தெரியாமல் போயிற்று. பெரம்பூரில் அவர் இறங்கும்போது, பாப்பாவை எழுப்ப வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டிவிட்டுப் போனார்.

இதற்கப்புறம் வெள்ளானூரைப் பற்றி நான் எழுதுவதற்கு அதிகமில்லை. போக விரும்புகிறவர்கள் சித்திரைக் கடைசி ஞாயிறு போகலாம். வழியும் செலவும் மேலே சொல்லியிருக்கிறேன். மேளம் உயர்ந்த மேளம். ஊர் ஜனங்கள் தங்கமானவர்கள். நான் மட்டும் ஆறு வருஷம் போகாமல் இருந்த மாதிரியே இந்த வருஷமும் போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

திருவல்லிக்கேணியில் எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கம். காற்று வாகாக இருந்தால் துறைமுகத்தில் கப்பல் ஊதுவது சமையல்கட்டு வரை கேட்கும். எத்தனையோ வருஷமாக அது பாட்டுக்கு ஊதும். நாங்கள் பாட்டுக்கு எங்கள் வேலையைப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை காலையில் நான் காபி கலந்துகொண்டிருந்தபோது ஊதிற்று. எந்த ஊர்க் கப்பலோ, எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.